ஆயில் குடித்த என்ஜினும் பிஸ்டன் கரியும்

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது என் கார். கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. மெக்கானிக் புகையைப் பார்த்ததுமே "என்ஜினை இறக்கணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் இறக்குவதற்கு முன்னால், கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி பிஸ்டனை ஊறவைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கில் இரண்டு எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தன. பிளக் ஓட்டை வழியாக, போனில் மாட்டும் ஒயர் கேமராவை உள்ளே விட்டேன். பிஸ்டன் தலை அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஆனால் அதன் விளிம்பைச் சுற்றி மட்டும் கரியே இல்லாமல் ஈரமாகப் பளபளத்தது. கீழிருந்து ஏறும் ஆயில் கழுவிக் கழுவி வந்த பளபளப்பு அது. ஆக, வில்லன் தலையில் தெரியும் கரி இல்லை. பிஸ்டனைச் சுற்றி ரிங் எனும் வளையங்கள் உட்காரும் காடிக்குள் (பள்ளத்துக்குள்) ஒளிந்திருக்கும் கரி. அதில் ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங்குக்குப் பின்னால், ஆயில் திரும்பி வடிய சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அவை அடைத்து, ரிங்கும் இறுகிவிட்டால், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் சுவரில் இருக்கும் ஆயிலை வழிக்க ஆளில்லை. அது மேலே போய் எரிகிறது.

நான்கு ஓட்டையிலும் நான்கு நீளக் குச்சிகளை நிறுத்தி, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பானரால் மெதுவாகத் திருப்பினேன். நான்கும் ஒரே உயரத்துக்கு வந்தால் பிஸ்டன்கள் எல்லாம் நடுவில் நிற்கின்றன என்று அர்த்தம். அப்புறம் கரி கரைக்கும் திரவத்தை ஒவ்வொன்றிலும் 50 மில்லி ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் இரண்டு சிலிண்டர் காலி. மற்ற இரண்டில், அதே கறுத்த பிளக் இருந்தவற்றில், திரவம் பாதிக்குமேல் அப்படியே நின்றது. இறுகிய ரிங் எது என்று அதுவே சொல்லிவிட்டது. இன்னும் ஒரு நாள் ஊறவிட்டேன்.

அடுத்ததுதான் ஆபத்தான கட்டம். மிச்சத்தை சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சி எடுக்க வேண்டும். திரவம் அமுங்காது, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பிளக் மாட்டாமல், ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். ஓட்டைகள்மேல் பழந்துணி போட்டிருந்தேன், ஆனால் ஒரே மடிப்பு. கறுப்புச் சாறு துணியைத் தூக்கிக்கொண்டு பானெட்டின் உட்புறம் வரை பீய்ச்சியது. அதைத் துடைக்கவே அரை நாள் ஆனது.

ரிங் வழியாக இறங்கிய திரவம் ஆயிலோடு கலந்திருக்கும் என்பதால், என்ஜினை ஓடவிடுவதற்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். வடித்த ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியது. முதல் ஸ்டார்ட்டில் தெருவே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை. கால் மணி நேரத்தில் அடங்கியது.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை ஊறவைத்தேன். இப்போது ஒரு லிட்டர் குறைய 3000 கிலோமீட்டர் ஆகிறது. நீலப் புகை இல்லை. கேமராவில் பார்த்தால் பிஸ்டன் தலையில் பாதிக் கரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்காக என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.