பட்டிப் பொங்கலும் இரண்டு லாப்ரடார் குட்டிகளும்

ஜனவரி 4, 2025
பொள்ளாச்சிப் பக்கம் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோப்புச் சாளை, அதாவது தோப்பு வீடு. கருப்பனுக்கும் செம்பிக்கும் நாலு மாதம். பால் பல் விழுகிற பருவம் வேறு. காலையில் கருப்பன் அப்புச்சியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சுட்ட பறவையைக் கவ்விக் கொண்டுவரவே வளர்த்தெடுத்த இனம், எதையும் தூக்காதே என்றால் கேட்குமா? துரத்தினால் அதற்கு விளையாட்டு. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேகவைத்த கோழித் துண்டை நீட்டினேன். செருப்பு வாயிலிருந்து நழுவிய அந்த நொடியில் "ஆச்சு" என்றேன், துண்டைக் கொடுத்தேன். அப்புறம் தாம்புக் கயிற்றுத் துண்டை வைத்து அதே பாடம். இதில் கயிற்றை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நம்மிடம் கொண்டுவந்தால் பறிபோகும் என்ற எண்ணம் வந்துவிட்டால் கிட்டவே வர மாட்டான்.

ஜனவரி 6
"ஏங் கண்ணு, சோறு போட்டாத் தானா கேக்கப் போவுது, இதுக்கு இத்தனை பாடா?" என்கிறார் அப்புச்சி. சோறு எப்போது கிடைக்கிறது என்பதில்தானே சங்கதி இருக்கிறது. குட்டி உட்கார்ந்து, எழுந்து, தாவிய பிறகு கொடுத்தால் தாவியதற்குக் கூலி கொடுத்ததாக ஆகும். குட்டிகள் இரண்டையும் தனித்தனியாகத்தான் பழக்குகிறேன். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று பார்க்கும், என்னைப் பார்க்காது.

ஜனவரி 8
பட்டிப் பொங்கலன்று, அதாவது மாட்டுப் பொங்கலன்று, மாட்டுப் பட்டியில் தட்டடித்துக்கொண்டு சுற்றுவார்கள். குட்டிகள் மிரளாமல் இருக்க வேண்டுமே. ஒரு சத்தத்துக்குப் பின்னால் தீனி வந்துகொண்டே இருந்தால் அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்டதே இதற்கும் உதவுகிறது. அவருக்கு 1904இல் நோபல் கிடைத்தது என்னவோ செரிமான ஆய்வுக்கு.

சமையற்கட்டில் அத்தை கரண்டியால் தட்டை மெல்லத் தட்ட, வாசலில் நான் கோழி கொடுக்கிறேன். முதலில் சத்தம், பிறகு தீனி. மாற்றிச் செய்தால் கோழியைப் பார்த்தாலே மிரளும். செம்பி இன்று துண்டைத் தொடவில்லை. தொடவில்லை என்றால் சத்தம் ரொம்பக் கிட்டே இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனதும் தின்றாள்.

ஜனவரி 15
"பட்டி பெருக" என்று சத்தம் கிளம்பியதும் கருப்பன் நேராக என் கையைத் தேடி வந்தான். கொஞ்ச நேரத்தில் தட்டடித்த குச்சியையே கவ்விக்கொண்டான். பொடுசுகளுக்கு ஒரே கொண்டாட்டம். செம்பியைக் கூட்டிவரவில்லை. சத்தம் கேட்டால் அவள் காது பயத்தில் இன்னும் பின்னால்தான் மடிகிறது. ஆத்தாவுடன் உள்ளறையில் இருந்தாள்.

ஜனவரி 18
அத்தை பாத்திரம் கழுவும் போதெல்லாம் கருப்பன் வந்து நிற்கிறான். ஒன்றும் தராமல் சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் இது தானாகத் தளரும். ஆனால் தீனி இல்லாத வெறும் சத்தம் செம்பியின் பாடத்தைக் கெடுக்கும், அது முடியும்வரை அவளைத் தோப்பில் விட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அத்தைக்குக் கோபம்.