மணப்பாட்டுக் குகையில் சவேரியாரின் மணியோசை

பிள்ளைகளின் படிப்புக்காகப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) வைக்கும் குடும்பங்கள் மணப்பாட்டை மறக்க வேண்டாம். திருச்செந்தூரிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 18 கி.மீ. குலசேகரன்பட்டினத்தைத் தாண்டினால் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்மேடும், அதன்மேல் திருச்சிலுவைக் கோவிலும்.

செப்டம்பர் 14 பெருவிழாவுக்குப் போகிறவர்கள் விடியுமுன் மேலே ஏறிவிடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் மணல் காலைப் பொசுக்கும். அருளிக்கத்தை (புனிதப் பொருளை) முத்தமிடும் வரிசையில் வயதானவர்களை இடித்துக்கொண்டு முந்துகிறவர்களைப் பார்க்க மனம் நோகிறது. ஆண்டவரின் சிலுவை முன்னாலேயே இப்படியா! வழிமறித்து மெழுகுதிரி விற்பவர்களிடம் மெல்லிய திரி வாங்காதீர்கள். அந்தக் கடற்காற்றுக்கு அது நிற்காது.

புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்த்துகீசியக் கப்பலின் தலைவர், கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். 1540-ல் அப்படியே இந்த மேட்டில் நாட்டினார் என்பது ஊர் வழக்கு. கோவில் எழும்பியது 1581-ல்.

பலரும் கோவிலோடு திரும்பிவிடுகிறார்கள். கடல் பார்த்த பக்கம் கீழே இறங்கினால் மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. பாறை வழுக்கும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். உள்ளே ஒரு சிறு கிணறு. அலைக்கு இவ்வளவு அருகில் இருந்தும் நீர் கரிப்பதில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்காருங்கள்.

1542-ல் வந்தார் சவேரியார். இந்தக் கரையின் பரதவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தாலும், செபம் கற்றுக்கொடுக்க ஆளில்லை. கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார்; நாளுக்கு இரண்டு வேளை வகுப்பு. அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். மனப்பாடமானதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் அவர்களே கற்றுக்கொடுக்க வேண்டும். பங்குக் கோவிலும் பள்ளியும் ஒன்றாகவே பிறந்த மண் இது! பிறகு ஊருக்கு ஊர், செபமும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரை அமர்த்தினார். அவர்கள் சம்பளத்துக்காக, போர்த்துகல் அரசி கத்தரீனாவின் பாதணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் போன 4000 ‘பணம்’ என்னும் காசுகளையே கேட்டு வாங்கினார். யாருக்கு வரும் அந்தத் துணிவு?

தமிழ் அவருக்குச் சரளமாக வரவில்லை. மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களோ விசுவாசப் பிரமாணத்தில் (நம்பிக்கையை அறிக்கையிடும் செபத்தில்) ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று போட்டுவிட்டார்கள். ஊர் முழுக்க அப்படியே செபித்தது. தவறு தெரிந்ததும், தோழர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி அந்தச் சொல்லைத் திருத்தச் சொன்னார். அவருக்குப் பின் இக்கரைக்கு வந்த போர்த்துகீசியக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற மறைக்கல்வி நூலை அச்சிட்டார். பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அது. சுவாமி, உமக்குத் தோத்திரம்!

ஆகவே குகையை விட்டு ஏறுமுன், பொருத்தனைக்குரிய பிள்ளையை முன்னால் நிறுத்தி விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அலைச் சத்தத்தில் குரல் அமுங்கும். ‘விசுவசிக்கிறேன்’ என்ற சொல்லை மட்டுமாவது உரக்கச் சொல்லட்டும்.