வில்லங்கச் சான்றில் வராத தங்கச்சி

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஐந்து சென்ட் மனை வாங்கினோம். தரகர் முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே தாய்ப் பத்திரத்தின், அதாவது இடத்தின் பழைய கிரயப் பத்திரத்தின், நகல்; விற்கிற அண்ணன் தம்பி இருவர் பேரில் கூட்டுப் பட்டா; முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். "கிளியர் டைட்டில் சார், நாளைக்கே டோக்கன் போட்டுடலாம்."

அவர்களுடைய அப்பா 1978-ல் கிரயம் வாங்கிய இடம். அப்பாவும் அம்மாவும் இறந்து பல வருடம் ஆகிறது. பதிவுத்துறை இணையதளத்தில் நானே 1975-லிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரே கிரயம்தான் வந்தது. அடமானம், பவர் பத்திரம் எதுவும் இல்லை. எனக்கும் தெம்பு வந்துவிட்டது.

மறுபடி மனையைப் பார்க்கப் போனபோது பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று கேட்கத்தான் போனேன். அதைச் சொல்லிவிட்டு, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வள்ளியூர்ல கெட்டிக்குடுத்த பிள்ளையும் கையெழுத்துப் போட வருதாய்யா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. விற்பவர்களுக்கு ஒரு தங்கச்சியும் இருக்கிறாளா?

வங்கிக் கடன்களுக்குப் பத்திரம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் ஓடினேன். "வில்லங்கத்துல பதிவான பத்திரம்தான் வரும். யார் செத்தாங்க, யார் வாரிசுன்னு அது சொல்லாது. பட்டாவுல ரெண்டு பேர் இருந்தா வாரிசு ரெண்டு பேர்தான்னு அர்த்தமும் இல்ல" என்றார். அப்பா சொந்தமாக வாங்கிய சொத்து. உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த 1989, 2005 திருத்தங்களை இதற்கு இழுக்கவே வேண்டாமாம். தாலுகா அலுவலகம் தரும் வாரிசுச் சான்றை விற்பவர்களிடம் கேட்கச் சொன்னார். நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

கேட்டதும் அண்ணனுக்குக் கோபம். "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவளுக்கு ஏது பங்கு?" அந்தப் பேச்சுவார்த்தைக்குள் நான் போகவில்லை. வாரிசுச் சான்று இல்லாமல் அட்வான்ஸ் கிடையாது என்று மட்டும் சொன்னேன். வாரக்கணக்கில் இழுத்தது. கடைசியில் வந்த சான்றில் மூன்று பெயர்.

ஆவண எழுத்தர் நல்ல மனிதர். தங்கை தன் பங்கை அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போட வேண்டாம், தங்கையையும் விற்பவராகச் சேர்த்து ஒரே கிரயமாக முடிக்கலாம் என்றார். பத்து லட்சத்துக்குள் இருப்பதால் மனைவி பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று சொன்னவரும் அவர்தான். 2025 ஏப்ரலில் வந்த சலுகை. முத்திரைத்தீர்வை ஏழு சதவீதம் அப்படியேதான்.

அதற்கு முன்பே பணம் கட்டி சர்வேயரை வரவழைத்து அளந்தோம். தலையாரி ஒருவர் கூடவே வந்து, கருவேல முள்ளை அரிவாளால் விலக்கி, மண்ணுக்குள் புதைந்திருந்த தெற்கு எல்லைக்கல்லைக் காட்டினார். பக்கத்து வேலி இரண்டடி உள்ளே வந்திருந்தது. விற்பவர்களை வைத்தே நகர்த்திப் போடச் சொன்னேன்.

பதிவு நாளன்று தங்கச்சி வந்து ரேகை வைத்தபோது அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டே நின்றார். வெளியே வந்ததும் அவரே ஆட்டோ பிடித்து, தங்கச்சியை பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்றிவிட்டார்.