கெளுத்தியின் கண்

ஆற்றில் பிடித்து அனுப்பப்படும் கெளுத்தி மீன்களைத் தனிமைத் தொட்டியில் வைத்துக் கவனிப்பது என் வேலை. மீன் வந்து சேர்ந்ததும் துடுப்பையும் வயிற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன்; இமையில்லாத அந்தக் கண், வலையிலும் வாளியிலும் பட்ட அடியை மறைப்பதில்லை.

"கண் வெளுத்திருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது. வெண்மை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது மேற்பரப்பே மங்கித் தெரிந்தால், அது பெரும்பாலும் உராய்வாலோ மீனைக் கொண்டுவந்த பையில் அதன் கழிவால் சேர்ந்த அம்மோனியாவாலோ வந்த சேதம். சுத்தமான நீரில் விட்டால் பல மீன்களுக்குத் தெளிந்துவிடும். மேற்பரப்பு தெளிவாக இருந்து, கண்பாப்பாவுக்கு (கண் நடுவிலுள்ள கரிய வட்டத்துக்கு) பின்னால் வெண்மை தெரிந்தால் லென்ஸ் கெட்டிருக்கிறது. டிப்ளோஸ்டோமம் என்ற ஒட்டுண்ணியின் இளம்பருவம் நத்தையிலிருந்து வெளியேறி மீனின் கண்ணுக்குள் புகுந்தாலும் இப்படி ஆகும். அடுத்து அது மீனுண்ணும் பறவையின் குடலுக்குப் போயாக வேண்டுமென்பதால், தொட்டியில் மீனிலிருந்து மீனுக்குப் பரவாது; வெளுத்த லென்ஸும் மருந்தால் தெளியாது.

நான் பார்த்தவற்றில் மிகுதியானவை முள்பட்ட காயங்கள். அஞ்சிய கெளுத்தி தன் மார்புத் துடுப்பின் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். நெருக்கமாக அடைத்த பையில் அந்த முள் பக்கத்து மீனின் கண்ணில் இறங்குகிறது. வலையில் சிக்கிக்கொண்டாலோ, விடுவிக்க இழுக்கும் இழுப்பில் இன்னொரு மீனும் காயப்படுகிறது. ஆகவே வலையை ஒதுக்கிவிட்டு, நீரோடு சேர்த்துப் பெட்டியில் அள்ளுகிறோம். (பிளெக்கோ என்ற உறிஞ்சுவாய்க் கெளுத்தி வகைகளின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் கண்பாப்பாவின் மேல் இறங்கும் மடலைப் பார்த்துப் புதியவர்கள் காயமென்று பதறுவதுண்டு, விளக்கைத் தணித்தால் அது சுருங்கிவிடும்.)

இரு கண்ணும் போன மீனைக் கழித்துவிட வேண்டும் என்ற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. மீசையாலும் தோலெங்கும் பரவியுள்ள சுவை மொட்டுகளாலும் அது இரையைக் கண்டுகொள்கிறது. கேரளக் கிணறுகளில் கிடைக்கும் ஹோராக்லானிஸ் கெளுத்திகளுக்குக் கண்ணே இல்லையே என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அவை எத்தனையோ தலைமுறைகளாக இருளுக்குப் பழகியவை, நேற்றுக் கண்ணிழந்த மீனுக்கு அந்த வசதி கிடையாது. பார்வையுள்ள வேகமான மீன்களோடு விட்டால் அது பட்டினி கிடக்கும். அதனால் தனித்தொட்டியில், கற்களை இடம் மாற்றாமல், விளக்கணைத்த பிறகு ஒரே மூலையில் தீவனம் போடுகிறோம். வாங்க வருபவரிடமும் கண்ணின் நிலையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.