ரூம் வாடகையில் விழுந்த அடி

போன வருஷம் மூன்று மாத இடைவெளியில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். அப்பாவுக்குத் தனியார் மருத்துவமனையில், சொந்த மருத்துவக் காப்பீட்டு பாலிசியில். சித்தப்பாவுக்கு ஜி.எச்.சில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில். இரண்டுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான்.

அப்பாவின் பாலிசி 3 லட்சம். கேஷ்லெஸ் அனுமதி, அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் ஒப்புதல், மத்தியானமே வந்துவிட்டது. "6,000 ரூபாய் ரூம்தான் காலியா இருக்கு சார்" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். அறை வாடகை நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 வரைதான் என்று பாலிசியில் இருந்ததை அந்தப் பதற்றத்தில் யார் பார்த்தார்கள்?

டிஸ்சார்ஜ் அன்று காலை பத்துக்கே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பில்லுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் அப்ரூவல் வந்தபோது மணி நாலரை. வாடகையில் கூடுதலாக ஆனதை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். பில்லைப் பார்த்தால் டாக்டர் ஃபீஸ், நர்சிங், ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் கட்டணம் எல்லாவற்றிலும் பாதி வெட்டு! தகுதிக்கு மேல் அறை எடுத்தால் மற்ற கட்டணங்களும் அதே விகிதத்தில் குறையுமாம். மருந்து, ஸ்டென்ட் விலை மட்டும் தப்பின. கவுண்டரில் நின்றபடியே தம்பிக்கு போன் போட்டு 41,000 ரூபாய் அனுப்பச் சொன்னேன்.

சித்தப்பாவுக்கு அலைச்சல் முழுக்க முன்கூட்டியே முடிந்துவிட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்க இரண்டு நடை. அப்புறம் ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ். அங்கே கைரேகை விழவில்லை. முப்பது வருஷம் கொத்தனார் வேலை, சிமெண்டில் தேய்ந்த விரல். ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து, ஆறாவது தடவை இடது கட்டைவிரலில் விழுந்தது.

அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோவுக்கே பதினொரு நாள் காத்திருந்தோம். அவசர கேஸ் இல்லாததால் தாங்கியது. சித்தி ராத்திரியெல்லாம் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார். ஆனால் டிஸ்சார்ஜ் அரை மணி நேரத்தில் முடிந்தது. மாத்திரையை ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கொடுத்தார்கள். கட்டச் சொல்லி யாரும் எந்தச் சீட்டும் நீட்டவில்லை. இருந்தும் சித்தப்பா வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் வருமானத்துக்கு முதலமைச்சர் திட்டக் கார்டு கிடைக்காது, பாலிசியை விடவும் முடியாது. அறை வாடகை வரம்பில்லாத பாலிசிக்கு போர்ட் செய்ய, அதாவது இருக்கும் பாலிசியை அப்படியே மாற்றிக்கொள்ள, விண்ணப்பித்திருக்கிறேன். புதிதாக எடுத்தால் பழைய நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். போர்ட் செய்தால் இதுவரை காத்திருந்த வருஷங்கள் கணக்கில் வரும். இந்த முறை புது பாலிசியின் 38 பக்கத்தையும் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன்.