உம்பளச்சேரிப் பக்கம் ஒரு வைக்கோல் போர்

நேற்று ராத்திரிதான் சென்னை வந்து சேர்ந்தேன். பையை உதறினால் இன்னும் கூளம் விழுகிறது. உம்பளச்சேரிப் பக்கம் மாட்டுக்கு வைக்கோல் போர் போட்ட கதையைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எப்படிப் போவது என்பதிலிருந்து வரிசையாகவே சொல்கிறேன். ரயிலில் திருவாரூர், அங்கிருந்து பேருந்தில் திருத்துறைப்பூண்டி. அதுவரை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் உம்பளச்சேரிப் பக்கம் ஆட்டோ பிடித்தேன். ஏறும்போது 350 என்றவர், இறங்கும்போது 500 கேட்டார். "ரோடு மோசம்மா." அந்த ரோடு ஏறும்போதும் அதே ரோடுதானே! இரண்டு நாளுக்கு 2,500 ரூபாய் என்று எண்ணி எடுத்துப் போயிருந்தேன். முதல் காலையிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்கான இலவசச் சீட்டில் வந்தேன். ஆட்டோ வேண்டாம், காத்திருங்கள்.

வழியெல்லாம் சம்பா அறுப்பு முடிந்த வயல்கள். பெல்ட் மெஷின் (டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) அறுத்துத் தள்ளிய வைக்கோலை, டிராக்டரில் மாட்டிய இன்னொரு மெஷின் உருட்டிக் கட்டிப் போட்டுக்கொண்டே போகிறது. பின்னாலேயே லாரி. வீட்டு உயரத்துக்கு அடுக்கி, கேரளாவுக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் கொண்டுபோகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நான் தங்கியது தோழியின் பெரியம்மா வீட்டில். ஆறு மா நிலம், அதாவது 2 ஏக்கர். இரண்டு உம்பளச்சேரி மாடு, ஒரு கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சேற்றில் உழுவதற்கென்றே அமைந்த அடக்கமான உடம்பு. இந்த இனத்துக் கன்று செம்பட்டையாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். இதற்குக் காதோரம் மட்டும் செம்மை மிச்சம் இருக்கிறது.

போன வருடம் பெரியம்மா வைக்கோல் மொத்தத்தையும் மெஷின்காரரிடம் விட்டுவிட்டார். கட்டுக்கு 40 ரூபாய் கைக்கு வந்தது. ஐப்பசி மழையில் மாட்டுக்குப் போட ஒன்றும் இல்லாமல், அதே மாதிரிக் கட்டை 180 கொடுத்து வாங்கியிருக்கிறார். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5, 6 கிலோ வேண்டும். "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்குன்னு சொல்லுவாங்க. இப்ப நடு லாரிக்குப் போவுது" என்றார். பயிர் உறிஞ்சிய சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. மாடு தின்றால் அது சாணியாக வயலுக்குத் திரும்பும். லாரி ஏறினால் போனதுதான்.

அதனால் இந்த வருடம் மூன்று மா மட்டும் கையறுப்பு. கூலி கட்டாது என்று ஊரே சொன்னதாம். ஆனால் மெஷின் இறங்கினால் ஈர வயலில் வைக்கோல் மிதிபட்டுச் சேறாகும், அதை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பெல்ட்டில் நசுங்கும். இதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் பெரியம்மா பக்கம்தான் நியாயம்.

போர் போட்டதைத்தான் விடிய விடியப் பேசலாம்! அடியில் கல்லும் பனை மட்டையும் பரப்பி, தரையின் ஈரம் ஏறாமல் செய்தார்கள். மேலே ஒருவர் நின்று சுற்றிச் சுற்றி மிதிக்க, கீழிருந்து கவையால் எறிந்தார்கள். நடு எப்போதும் ஓரத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். கடைசியில் வெளிப்பக்கத்தைக் கையால் கீழ்நோக்கி வாரிவிட்டார்கள், தலை சீவுகிற மாதிரி. மழைத் தண்ணீர் அந்த வழியே வழிந்துவிடுமாம். உச்சியில் வைக்கோல் புரி போட்டு இருபுறமும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதும் முடிந்தது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையை அடிக்கும், ஆகவே பிடுங்குவது தெற்குப் பக்கம் மட்டும்.

மதியம் விரால் குழம்பு. களத்து வேலைப் பசியோடு, வேப்ப மர நிழலில், சுடச்சுடச் சோற்றில். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் சாப்பாடு. திருத்துறைப்பூண்டியில் 120 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்ட சோற்றை நினைக்கவே பிடிக்கவில்லை.

வைக்கோல் மட்டும் போட்டுப் பால் கறக்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும். நூறு கிலோவில் புரதம் 3, 4 கிலோதான். மணல் சத்து (சிலிக்கா) அதிகம், சொரசொரப்பு. அதனால் தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு, வேலியோர அகத்தி எல்லாம் கூடவே போகிறது. சாயங்காலம் கால்நடை மருந்தகத்தில் சொல்லிக்கொடுத்த முறையில் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடினோம். மூன்று வாரம் அப்படியே இருக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி நாரைத் தளர்த்தும், புரதக் கணக்கும் கூடும். பிரித்ததும் நெடி போக ஆறவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. கரைக்காத யூரியா மாட்டின் வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து, மூட்டையை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கிளம்பும் காலையில் போரின் தெற்குப் பக்கம் ஒரு பிடி பிடுங்கினேன். சுலபமாக வரவில்லை, அவ்வளவு இறுக்கம். உள்ளே பொன் நிறம், நெல் வாசனை. போட்டதும் பெரிய மாடு தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு மெல்ல ஆரம்பித்தது.

பங்குனியில் தார்ப்பாய் பிரிக்கும்போது போன் செய்வதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். திருவாரூருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.