தைலத்துளிக்குள் இருக்கும் கூண்டு

நீலகிரித் தைலத்தை நாம் வாசனையாலேயே அறிந்து வைத்திருக்கிறோம். அதன் மூலக்கூறு எந்த வடிவில் அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், தைலம் காய்ச்சும் கொட்டகையில் நடப்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து எங்கள் நீலகிரி மலைக்கு வந்த கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) இலை எண்ணெயில் முதன்மையான பொருள் சினியோல். பத்து கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஆகிய அணுக்களால் ஆனது அது. ஆறு கார்பன்கள் கொண்ட வளையத்தின் குறுக்கே ஆக்சிஜன் பாலம் போல அமைந்து, மூலக்கூற்றை மூடிய கூண்டாக்கிவிடுகிறது. இதே அணுக்களை இதே எண்ணிக்கையில் கொண்ட இன்னொரு பொருள் டெர்பினியால். அதில் ஆக்சிஜனோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருப்பதால், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. சினியோலின் ஆக்சிஜனுக்கு அப்படிக் கொடுப்பதற்கு ஹைட்ரஜன் இல்லை. பிறர் நீட்டினால் ஏற்றுக்கொள்ள மட்டுமே அதனால் முடியும். பெரும்பாலும் இந்த வேறுபாட்டால் டெர்பினியால் ஏறத்தாழ 219 டிகிரி செல்சியசில் கொதிக்க, சினியோல் 176 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

கொட்டகையில் இலைகளை நீரோடு சேர்த்துக் காய்ச்சும் கலம் அந்த 176 டிகிரியைக்கூட எட்ட வேண்டியதில்லை. எண்ணெயும் நீரும் கலவாதவை என்பதால் இரண்டும் தத்தம் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தருகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் கொதிப்பு தொடங்குகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீரே ஏறக்குறைய 93 டிகிரியில் கொதிக்கும். தைலமும் சேரும்போது அதற்கும் சற்றுக் குறைவான வெப்பநிலையிலேயே இரண்டும் ஆவியாகி, குளிர்ந்த குழாயில் இறங்குகின்றன. சேகரிப்புப் பாத்திரத்தில் வெளிர்மஞ்சள் எண்ணெய், அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால், மேலே தெளிவான ஓர் எல்லைக்கோட்டோடு நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நிற்கலாம். எனக்கு அது சலித்ததே இல்லை.

தூய சினியோல் 1.5 டிகிரியில் உறைந்துவிடும். ஆனால் உதகைக்கு அருகிலுள்ள தலைகுந்தாவில் உறைபனி புல்லை வெளுப்பாக்கும் மார்கழி விடியலிலும் புட்டியிலுள்ள தைலம் ஓடிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், பைனீன், லிமொனீன் போன்ற வேறு வடிவ மூலக்கூறுகள் நடுவே புகுந்து, கூண்டுகள் வரிசையாக அடுக்கிக்கொள்வதைத் தடுப்பதுதான்.

ஒரு திரவத்துள் இருக்கும் மூலக்கூறுகளை அவற்றைச் சிதைக்காமலே ஒளியால் விசாரிக்கும் வழியைத் தந்தவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். 1928-இல் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் சுமார் அறுபது திரவங்களில், மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு பகுதியின் நிறம் சற்று மாறும் ராமன் விளைவைக் கண்டார்கள்.

அப்படி ஒளியால் விசாரிக்கும் கருவி இல்லாதவர்களுக்கு, தைலத்தில் சினியோல் எவ்வளவு என்று அறியப் பழைய முறை ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் கொண்ட, சுமார் 30 டிகிரியில் உருகும் ஆர்த்தோ கிரசால் என்ற பொருளை சினியோலோடு சேர்த்தால், கிரசால் நீட்டும் ஹைட்ரஜனைக் கூண்டின் ஆக்சிஜன் ஏற்றுக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்றாக இணைந்த புதிய படிகம் உண்டாகிறது. அது உருகுவது ஏறத்தாழ 55 டிகிரியில், அதாவது இரண்டின் உருகுநிலையையும் விட மேலே. தைலத்தில் சினியோல் குறையக் குறைய இந்த உறைநிலையும் இறங்கும் என்பதால், அதன் அளவை ஒரு வெப்பமானியைக் கொண்டே கணித்துவிடலாம். கிரசால் தோலை அரிக்கும். கையுறை அணிந்து, ஆசிரியரின் மேற்பார்வையில், கல்லூரி ஆய்வகத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.